சேவியர் ஏன் பழைய மெஷினுக்குத் திரும்பிப் போனான்

சேவியர், உன்னைப் பற்றித்தான் இந்தப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நீ இருந்தால் நீயே சொல்லியிருப்பாய். எல்லாரையும் சிரிக்க வைத்துச் சொல்லியிருப்பாய். எனக்கு அந்த வாய் இல்லை. தெரிந்த மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

சாங்கி கம்ப்யூட்டர் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளே, நான் வேலு. அடுத்த மாதம் இந்த ரூமை விட்டுக் கீழே கோடவுனுக்கு, சரக்குக் கிடங்குக்குப் போகிறேன். நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட மாற்றம்தான். போவதற்கு முன்னால் மல்லிகா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

போன வாரம் மல்லிகா கேட்டாள். "அண்ணே, எல்லா வேலையும் நம்ம மெஷின்ல ஷெல்லுல ஓடுது. மத்தியானப் புக்கிங் மட்டும் ஏன் ஹெட் ஆபிஸ் பழைய மெஷின்ல ரெக்ஸ்ல ஓடுது? முன்னாடி அதுவும் ஷெல்லுலதான் இருந்துச்சாமே."

அதற்கு முரளி, "எழுதுனவருக்கு மண்டையில அடி பட்டிருக்கும் லா" என்றான். எல்லாரும் சிரித்தீர்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். வேலு அண்ணனுக்கு என்ன கோபம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. உங்களுக்குத் தெரியாது. சுவா சூ காங் கல்லறையில் சேவியரைப் புதைத்துவிட்டு வந்து அதிக நாள் ஆகவில்லை.

ஷெல், ரெக்ஸ் இரண்டும் ஒரே வேலையைச் செய்கிற மொழிகள்தான். மெஷினிடம் முதலில் இதைச் செய், அது முடிந்தால் அதைச் செய், முடியாவிட்டால் நில் என்று வரிசையாகச் சொல்வதற்கு இருப்பவை. ஷெல் புதியது, சுருக்கமானது. ரெக்ஸ் ஹெட் ஆபிஸில் இருக்கும் பெரிய மெஷினில் ஓடுவது, வளவளவென்று வார்த்தையாக இருக்கும். எல்லாரும் ஷெல்லை நோக்கிப் போகும்போது ஒருவன் மட்டும் எதிர்ப்பக்கம் போனால் அடி பட்டவன் என்றுதான் தோன்றும்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. தொடக்கப்பள்ளியோடு படிப்பு நின்றுவிட்டது. விமான நிலையம் பாயா லேபாரிலிருந்து சாங்கிக்கு மாறிய புதிதில், பிரிண்டர் காகிதம் கிழிக்கவும் டேப் மாட்டவும் இந்த கார்கோ கம்பெனியில் சேர்ந்தேன். சேவியர் டிப்ளோமா முடித்தவன், புரோகிராம் எழுத வந்தான். ஏறக்குறைய என் வயதுதான். ஃபேரர் பார்க்கில் அம்மாவோடு இருந்தான். நான் எல்லைப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மார்சிலிங் என்று சொன்னதும், "அவ்வளவு தூரத்துலேந்தா? பாஸ்போர்ட் எடுத்துட்டு வந்தியா?" என்று கேட்டான். அன்றிலிருந்து நான் லேட்டாக வந்தால் ரூமில் எல்லாரும், என்ன வேலு, கஸ்டம்ஸில் நிறுத்திவிட்டார்களா என்று கேட்பார்கள். சேவியர் ஆரம்பித்து வைத்த கிண்டல் அது.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி. தினமும் ஊசி போட்டுக்கொள்வான். கேண்டீனில் கோப்பி ஓ கோசோங், பாலும் சர்க்கரையும் இல்லாத கறுப்புக் கோப்பிதான் குடிப்பான். அம்மாவுக்கு அவன் ஒரே பிள்ளை.

முதல் தடவை அவன் மொழி மாற்றியதற்குக் காரணம் மீன்.

மத்தியானப் புக்கிங் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அன்றைய விமானங்களில் போக வேண்டிய பெட்டிகளுக்கு, விமானக் கம்பெனியின் மெஷினிடம் ஒவ்வொன்றாக இடம் கேட்கிற வேலை. அப்போது நமக்கு இங்கே சொந்த மெஷின் கிடையாது. ஹெட் ஆபிஸ் மெஷினில், அதற்கென்று இருந்த பழைய ஜாப் கட்டளைகளில் ஓடியது. ஒரு நாள் லைன் பாதியில் அறுந்துவிட்டது. எல்லா ஃபோனும் ஒரே நேரத்தில் அடிக்கிறது. சேவியர் புதுசு. மற்றவர்கள் செய்கிற மாதிரியே மேலிருந்து மறுபடி ஓட்டிவிட்டான்.

முதல் பாதி ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. மறுபடி ஓட்டியதில் அந்தப் பாதிக்கு இரண்டு தடவை இடம் கேட்டாகிவிட்டது. ஆர்க்கிட் பூப் பெட்டிகளுக்கு இரண்டு மடங்கு இடம் கொடுத்துவிட்டார்கள். காகிதத்தில் விமானம் நிறைந்துவிட்டது. ஜாலான் காயுவில் கலர் மீன் வளர்க்கிற ஒரு தவுக்கேயின், சீன முதலாளியின் பெட்டிகளை ஏற்றாமல் வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பையில் தண்ணீரும் ஆக்சிஜனும் அடைத்து அனுப்புகிற மீன்கள் அவை. காத்திருக்காது. விமானத்தில் ஆர்க்கிட்டுக்கு என்று வைத்த இடம் காலியாகவே பறந்து போனது.

இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று மேலே சொல்லிவிட்டார்கள். சேவியர் கேட்கவில்லை. சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ஜாலான் காயுவுக்குப் போனான். அவனைவிட எனக்கு மலாய் நன்றாக வரும். தவுக்கே தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பின்பக்கம் கூட்டிப் போய், கால்வாய் ஓரம் கிடந்த பைகளைக் காட்டினார். "செமுவா மாத்தி" என்றார். எல்லாம் செத்துப்போச்சு. அப்புறம் எங்களை உட்கார வைத்து ஆளுக்கு ஒரு கிளாஸ் செவ்வந்திப் பூ தேத்தண்ணீர் கொடுத்தார். பாகு மாதிரி இனிப்பு. சேவியருக்கு அது ஆகாது. எனக்குத் தெரியும். நான் காலைத் தட்டினேன். அவன் அதை முழுவதும் குடித்தான்.

பஸ்ஸில் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தான். ஏண்டா குடிச்சே என்று கேட்டேன்.

"அந்த மனுசன் கொடுத்தத எப்படிடா வேணாங்கறது" என்றான். கொஞ்ச தூரம் போனபின், "வேலு, மெஷின் நின்னா மொதல்ல எங்க நின்னுச்சுன்னு பாக்கணும். பாக்காம கை வைக்கக் கூடாது" என்றான்.

பிறகு நமக்கென்று சாங்கிக்கு மெஷின் வந்தது. அதில் ஷெல் இருந்தது. புக்கிங்கை அவன் முதல் வேலையாக ஷெல்லில் திருப்பி எழுதினான். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக இடம் கேட்கும். கிடைத்ததும் அந்தப் பெட்டியை ஒதுக்கி வைத்துவிடும். எங்கே நின்றாலும், மறுபடி ஓட்டினால் ஒதுக்கியதைத் தொடாது. புதுசு என்பதற்காக மாறினான் என்று மேலே நினைத்தார்கள். அவன் அந்தக் கால்வாயை மனதில் வைத்துக்கொண்டு மாறினான்.

ஷெல் வந்தபின் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கத்துக்கு எழுதியதை இரண்டு வரியில் அடக்கிவிட்டு, ரூமில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவான். எனக்கு அதில் ஓர் எழுத்துகூடப் புரியாது. டாலர், கொக்கி, புள்ளி, கோடு என்று ஒரே குறியாக இருக்கும்.

"என்னடா இது, மீன தின்னுட்டு முள்ள வச்சுட்டுப் போன மாதிரி இருக்கு" என்றேன்.

"முள்ளு ஓரத்துலதான்டா ருசி" என்றான்.

அந்த முள்தான் பிறகு அவனுக்குத் தெரியாமல் போனது.

முதலில் புள்ளிகள் போயின. ஸ்கிரீனில் பச்சை எழுத்துக்கு நடுவே புள்ளி இருக்கிறதா இல்லையா என்று என்னைக் கேட்பான். நான் விளையாடுகிறான் என்று நினைத்தேன். பிறகு ஸ்கிரீனுக்கு மூக்கு முட்டுகிற அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தான். நேராகப் பார்க்காமல் தலையைத் திருப்பி, பக்கத்தில் யாரோ இருப்பது போல வைத்துக்கொண்டு பார்ப்பான். ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து, ஃபேரர் பார்க்கில் பரோட்டா சாப்பிட உட்கார்ந்தோம். குழம்புக் கிண்ணம் அவன் முன்னாலேயே இருந்தது. அவன் கை அதைத் தேடியது. நான் அதைத் தள்ளி அவன் விரலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் உடனே சொல்லிவிட்டான்.

"நேரா பாத்தா காணோம். ஓரமா பாத்தா இருக்கு" என்றான். "இனிமே பொண்ணு பாக்கப் போனா ஓரக்கண்ணாலதான் பாக்கணும். நல்லதுதான், அதுங்களும் அப்படித்தானே பாக்குதுங்க."

சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. லேசர் வைத்தார்கள். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்குத் தெரியும். அவர் தேவாலயத்தில் பங்குச் சாமியாரிடம் போய் அழுதிருக்கிறார். சாமியார் பலரை விசாரித்து, பார்வை குறைந்தவர்களுக்கு டெலிஃபோன் போர்டில் உட்கார்ந்து லைன் மாற்றித் தருகிற வேலை இருக்கிறது, பயிற்சியும் கொடுக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனதோடு செய்ததுதான். சேவியர் அதைக் கேட்டு இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை.

"ஃபோன் எடுக்கறது கேவலம்னு சொல்லல. எனக்கு அது வேணாம். எனக்கு இந்த நாற்காலிதான் வேணும், வேலு. கண்ணு தெரியாதவனுக்கு கம்ப்யூட்டர் ரூம்ல என்ன வேலைன்னு கேப்பாங்க. கேக்கற வரைக்கும் நான் உக்காந்திருப்பேன்."

நான் யாரிடமும் சொல்லக் கூடாது என்றான். நான் யாரிடம் சொல்லப் போகிறேன்.

திங்கட்கிழமை மத்தியானம், எல்லாரும் கேண்டீனுக்குப் போனபின், புக்கிங் புரோகிராமைத் திறந்து என்னை வாய்விட்டு வாசிக்கச் சொன்னான். நான் வாசித்தேன். டாலர், ஒற்றைக் கொக்கி, வளைந்த கொக்கி, நட்சத்திரம், சாய்ந்த கோடு, அந்தப் பக்கம் சாய்ந்த கோடு. மூன்றாவது வரியில் நான் தொலைந்துபோனேன். நாலாவது வரியில் அவனும் தொலைந்துபோனான். அவன் எழுதியதுதான். கேட்கும்போது அவனுக்கே பிடிபடவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் பயந்துவிட்டேன், இதோடு விட்டுவிடுவான் என்று.

இரண்டு நாள் கழித்து ஹெட் ஆபிஸிலிருந்து ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தான். யாரோ எழுதிய ரெக்ஸ் புரோகிராம். இதை வாசிடா என்றான். அதில் குறி அதிகம் இல்லை. இது இருந்தால் அதைச் செய், இல்லாவிட்டால் இதைச் சொல் என்று முழுக்க இங்கிலீஷ் வார்த்தைகள். என் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் பாதியில் விட்ட இங்கிலீஷ். தடுக்கித் தடுக்கித்தான் வாசித்தேன். சேவியர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டான். நான் முடித்ததும், எட்டாவது வரியில் எழுதியவன் ஒரு தப்புப் பண்ணியிருக்கிறான் என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மல்லிகா, உன் கேள்விக்குப் பதில் இதுதான். வாய்விட்டு வாசித்தால் காதால் புரிகிற மொழி அதுதான். அதனால் போனான்.

நம் சூப்பர்வைசர் மிஸ்டர் லிம்மிடம் வேறு காரணம் சொன்னான். ஹெட் ஆபிஸில் மெஷினை எப்போதும் ஆள் இருந்து பார்க்கிறார்கள், நம் ரூமில் ஏர்கான் நின்றால் மெஷினும் நின்றுவிடும் என்றான். இரண்டும் உண்மை. மிஸ்டர் லிம் ஒத்துக்கொண்டார். வெளியே வந்து என்னிடம், "பொய் சொல்லலடா. மூணாவது காரணத்தச் சொல்லல, அவ்வளவுதான்" என்றான்.

தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவன் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். அடித்ததை வாசித்தேன். என் உச்சரிப்பு அவனுக்குப் பெரிய வேடிக்கை. நான் ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொன்னால், அதே மாதிரி அவனும் சொல்லிக் காட்டுவான். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வார்த்தை அப்படியேதான். டேப் அறையைப் பார்த்துக்கொள்ளும் ரொகாயா கதவு வழியாகக் கேட்டுவிட்டு, என்ன தினமும் ரேடியோ நாடகம், கதையே நகரவில்லையே என்று மலாயில் கேட்டார். மழைக்காலம் முடிவதற்குள் புக்கிங் முழுவதும் ரெக்ஸுக்கு மாறிவிட்டது. அந்தப் புரோகிராம் அவன் தலைக்குள் வரிக்கு வரி இருந்தது.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. யாருக்கும் தெரியவில்லை. மெஷின் என்ன சொல்கிறது என்று நான் பக்கத்தில் நின்று முணுமுணுப்பேன். அவன் பதில் அடிப்பான். விரலுக்குக் கண் தேவையில்லை.

அந்த நாள் நான் ரூமில் இல்லை. பேக்கப் டேப்புகளை ஹெட் ஆபிஸில் கொடுக்க டவுனுக்குப் போயிருந்தேன். வாராவாரம் போகிற வேலைதான், அன்று இல்லாவிட்டால் மறுநாள் போயிருக்கலாம். இதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். நினைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

நடந்ததைச் சேவியர் அன்று சாயங்காலம் கொஞ்சம் சொன்னான். மீதியை மிஸ்டர் லிம் துக்க வீட்டில் என்னிடம் சொன்னார்.

புக்கிங் ஓடிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தது. அறுந்த நேரம்தான் கெட்ட நேரம். சில பெட்டிகளுக்கு இடம் கேட்டு அனுப்பியாகிவிட்டது, கிடைத்தது என்கிற பதில் நமக்கு வந்து சேரவில்லை. நம் புரோகிராம் அவற்றை ஒதுக்கி வைக்கவில்லை. விமானக் கம்பெனியின் மெஷினில் அவை ஏறியிருக்கலாம், ஏறாமலும் இருக்கலாம். லைன் திரும்பி வந்ததும், கடைசியாக எந்தப் பெட்டி வரைக்கும் வாங்கிக்கொண்டார்கள் என்று ஸ்கிரீனில் ஒரு வரி வரும். அதை நம் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஓட்ட வேண்டும். எவ்வளவு நல்ல மொழியில் எழுதினாலும் அந்த ஒரு இடத்தில் மனிதன் பார்த்தாக வேண்டும்.

மிஸ்டர் லிம் அவன் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். கோடவுனிலிருந்து ஃபோன் மேல் ஃபோன். லாரிகள் வரிசையில் நிற்கின்றன. அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரை நெருக்கினார்கள். அழுத்து, அழுத்து, மறுபடி ஓட்டு என்று அவசரப்படுத்தினார். நீ எழுதியது எங்கே நின்றாலும் தாங்கும் என்றுதானே சொன்னாய், அழுத்து என்றார்.

சேவியர் முன்னால் அந்த வரி இருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தான், எழுத்து இருப்பது தெரிந்தது, எண் தெரியவில்லை.

பிள்ளைகளே, இந்த இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அழுத்தினால் அனேகமாக ஒன்றும் ஆகாது என்றுதான் அந்த நேரத்தில் தோன்றும். பெரும்பாலான நாட்களில் அப்படித்தான், அந்த இரண்டு கணக்கும் ஒன்றாகவே இருக்கும். தப்பாகியிருந்தாலும், மேலதிகாரி சொல்லி அழுத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். நாற்காலியும் போயிருக்காது. நான் வருகிற வரைக்கும் ஏதாவது சாக்குச் சொல்லி இழுத்திருக்கலாம், ஆனால் விமானம் காத்திருக்காது.

அவன் கையை கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மிஸ்டர் லிம், எனக்குக் கண் தெரியவில்லை, அந்த வரியைத் தயவுசெய்து வாசித்துச் சொல்லுங்கள் என்றான்.

மிஸ்டர் லிம் முதலில் அவன் கோபத்தில் பேசுகிறான் என்று நினைத்தாராம். பிறகு அவன் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்திருக்கிறார். குனிந்து வாசித்தார். விமானக் கம்பெனியின் கணக்கும் நம் கணக்கும் ஒன்றாக இல்லை. நடுவில் சில பெட்டிகள் இருந்தன. சேவியர் புரோகிராமில் எந்த வரியைத் திறக்க வேண்டும், என்ன மாற்ற வேண்டும் என்று சொல்ல, மிஸ்டர் லிம் வாசிக்க, சேவியர் டைப் அடிக்க, அந்தப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு மீதியை ஓட்டினார்கள். மிஸ்டர் லிம் புரோகிராம் எழுதுகிறவர் இல்லை. ஆனாலும் அவரால் அதை வாசிக்க முடிந்தது. எல்லாப் பெட்டியும் ஏறியது.

சாயங்காலம் நான் டவுனிலிருந்து வந்தபோது சேவியர் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தான்.

"சொல்லிட்டேன்டா" என்றான்.

யாரிடம் என்று கேட்டேன்.

"லிம்கிட்ட. வேற வழியில்ல. பாக்காம அழுத்தச் சொன்னாரு."

ஏன்டா, ஒரு தடவை அழுத்தித் தொலைத்திருக்கலாமே என்று நான் கத்திவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் வந்தது. நான் அவன் கையைப் பிடித்து ஏற்றினேன். அதற்குமுன் அவன் என்னைக் கையைப் பிடிக்க விட்டதே இல்லை.

மிஸ்டர் லிம் நடந்ததை நடந்தபடி மேலே எழுதிவிட்டார். அவன் கம்பெனியைக் காப்பாற்றினான் என்றும் எழுதினார், அவனுக்குப் பார்வை இல்லை என்றும் எழுதினார். மேலே இருப்பவர்கள் இரண்டாவதை மட்டும்தான் படித்தார்கள். மெடிக்கல் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வேலையை விட்டுத் தூக்கவில்லை, அந்த அளவுக்குக் கருணை இருந்தது. கீழே வரவேற்பில் டெலிஃபோன் போர்டு இருக்கிறதே, அங்கே உட்கார வைத்தார்கள். எதை வேண்டாம் என்று அம்மாவிடம் பேசாமல் இருந்தானோ, அங்கேயே போய் உட்கார்ந்தான்.

மேலே நாற்காலி காலியாக இருந்தது. மெஷின் நின்றால் நான் கீழே ஃபோன் போடுவேன். அவன் கம்பெனிப் பெயரைச் சொல்லி குட் ஆஃப்டர்நூன் சொல்வான். நான்தான்டா என்பேன். வாசி என்பான். நான் வாசிப்பேன். நடுவில், "ஒரு நிமிசம் இரு, கால் வருது" என்று என்னை நிறுத்தி வைத்துவிட்டு, யாருக்கோ கிளெய்ம் டிபார்ட்மெண்டுக்கு லைன் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவான். எங்கே விட்டோம் என்று என்னைக் கேட்க மாட்டான். அவனுக்கு ஞாபகம் இருக்கும். புரோகிராமர் சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை, மத்தியானப் புக்கிங்கை அவன்தான் ஓட்டினான். மிஸ்டர் லிம்முக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்.

பிறகு கிட்னி போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைச்சல். வேலைக்கு வருவது நின்றது. நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் மெலிந்துகொண்டே போனான். கடைசியாகப் போன அன்று எங்களுக்குள் சண்டை. சண்டை எதற்குத் தெரியுமா? மொழிக்குத்தான்.

"வேலு, நீ ஷெல் கத்துக்கோ. ஹெட் ஆபிஸ் மெஷின இன்னும் கொஞ்ச நாள்ல தூக்கிருவாங்க. புக்கிங்க மறுபடியும் ஷெல்லுக்கு மாத்திடுங்க."

நான் முடியாது என்றேன். அது நீ பண்ணது, நான் வாசித்து நீ பண்ணது, அதில் யாரும் கை வைக்க விட மாட்டேன் என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. பேசவே மூச்சு வாங்குகிறவன், படுக்கையில் எழுந்து உட்கார்ந்தான்.

"அது எனக்காக மாத்துனதுடா. எனக்குத் தெரியல, அதனால மாத்துனேன். வர்ற பிள்ளைங்களுக்குக் கண்ணு இருக்குல்ல. அதுங்களுக்கு எது சுலபமோ அதுல எழுதட்டும். நான் எழுதுனதக் கும்பிட்டுட்டு உக்காந்திருக்காதே. எனக்கு அசிங்கமா இருக்கும்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாரமே போய்விட்டான்.

அவன் சொன்னதைச் செய்ய உட்கார்ந்தேன். இரண்டு மூன்று தடவை உட்கார்ந்தேன். ஷெல் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு முதல் வரியை மாற்றுவதற்கு ரெக்ஸை வாசிக்க ஆரம்பிப்பேன். பழக்கம், வாய்விட்டுத்தான் வாசிக்க வரும். நாங்கள் தப்பாகச் சொல்லிச் சிரித்த வார்த்தை வரும். அதற்குமேல் போக முடியாது. அதனால்தான் கோடவுனுக்கு எழுதிக் கொடுத்தேன். இந்த வேலை இனி எனக்கு ஆகாது.

நீங்கள் மாற்றுங்கள். மல்லிகா, நீயே எடுத்துச் செய், நீ கவனமானவள். முரளி, நீ பக்கத்தில் உட்கார். மாற்றும்போது, கடைசியாக வாங்கிக்கொண்ட பெட்டி எது என்று சொல்கிற அந்த ஒரு வரியை மட்டும் சுருக்கிவிடாதீர்கள். அதைப் பெரிதாகப் போடுங்கள், முழு வார்த்தையில் போடுங்கள். பின்னால் நிற்கிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அழுத்து என்று எத்தனை தடவை சொன்னாலும், அதைப் பார்க்காமல் அழுத்தாதீர்கள். பார்க்க முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லுங்கள். சொன்னால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குப் பொய்யாக ஆறுதல் சொல்ல மாட்டேன். நாற்காலி போனாலும் போகும். அவனுக்குப் போனது.

மிஸ்டர் லிம் துக்க வீட்டில், அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே போட்டிருந்த மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, நான்தான் அழுத்தச் சொன்னேன், அவன் என் பேச்சைக் கேட்டிருந்தால் கடைசி வரைக்கும் மேலே ரூமிலேயே இருந்திருப்பான் என்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

அவன் அம்மா எங்கள் யாரோடும் பேசுவதில்லை. அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துத்தான் பிள்ளைக்குக் கண் போனது, கண்ணிலிருந்துதான் எல்லாம் போனது என்று நம்புகிறார். சர்க்கரைதான் காரணம் என்று டாக்டர் சொல்லியும் ஏற்கவில்லை. சவப்பெட்டிக்கு முன்னால், "அந்த வேலையில அப்படி என்னதான்டா இருந்துச்சு" என்று என் சட்டையைப் பிடித்துக் கேட்டார். எனக்குத் தெரியும் என்ன இருந்தது என்று. ஒரு தாயிடம் அதை எப்படிச் சொல்வது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஃபேரர் பார்க் பக்கம் அவர்களுடைய தேவாலயத்தில் காலைப் பூசை சேவியருக்காக வைத்திருக்கிறார்கள். வர முடிந்தவர்கள் வாருங்கள். நான் பின்வரிசையில் நிற்பேன். எப்போது எழ வேண்டும், எப்போது மண்டியிட வேண்டும் என்று எனக்குத் தெரியாது, முன்னால் இருப்பவர்களைப் பார்த்துச் செய்துகொள்வேன். அம்மா நம்மைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் வருத்தப்படாதீர்கள்.

வர முடியாதவர்கள், சர்ச்சோ, கோயிலோ, பள்ளிவாசலோ, எதுவும் இல்லாவிட்டால் உங்கள் படுக்கையிலோ, நீங்கள் எப்படிச் செய்வீர்களோ அப்படி, ஒரு நிமிடம் அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். பெயர் சேவியர். அவன் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.